சராசரி மகசூல் மட்டும் போதாது. உளுந்து ரகங்களின் கெட்ட ஆண்டுக் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்துவிட்டால் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில், சம்பா நெல்லை ஒட்டி அதே வயலில் விளையும் நெல் தரிசு உளுந்து பற்றிய செய்தி தவறாமல் வருகிறது. எந்த ரகத்தைத் தெளிக்கலாம், ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை, விதை நேர்த்தி எப்படி, டிஏபி உரக் கரைசலை எப்போது அடிப்பது என்று வேளாண் துறையினர் சொல்வதை விவசாயிக்குப் புரியும் தமிழில் வெளியிடுகிறீர்கள். காவிரிப் படுகையில் பயிர் செய்கிறவன் என்ற முறையில் அதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தச் செய்திகளிலும், வேளாண்மை விரிவாக்க மையத்தில் தரும் துண்டறிக்கைகளிலும், ஒவ்வொரு ரகத்தின் பெயருக்கும் நேராக ஒரே ஓர் எண் இருக்கும். அது அந்த ரகத்தின் சராசரி மகசூல். அந்த ஓர் எண்ணை நம்பி விதை வாங்கும் விவசாயிக்கு எது தெரியாமல் போகிறது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டது, பொருளின் அவசியம் கருதி முழுமையாக வெளியிட வேண்டுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருந்து வருகிறது. சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, நெற்பயிர் நிற்கும்போதே உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். உழவு கிடையாது, பாத்தி கிடையாது, அதன்பின் தண்ணீர் பாய்ச்சுவதும் பெரும்பாலும் கிடையாது. வயலில் இறங்கி நடந்தால் குதிகால் பதிய வேண்டும். பதிந்த தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. அதைத்தான் மெழுகுப் பதம் என்கிறோம். அந்தப் பதத்தில் விழுந்த விதை, களிமண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் தை, மாசி மாதத்துப் பனியையும் மட்டுமே நம்பி முளைத்து, வளர்ந்து, பூத்து, எழுபது எழுபத்தைந்து நாளில் நெத்தாகிக் களத்துக்கு வந்து சேர வேண்டும்.

நெல்லுக்குத் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சலாம், பயிர் வெளுத்தால் மேலுரம் போடலாம், அண்டையை வெட்டி வடிக்கலாம். தரிசு உளுந்தில் விவசாயி முடிவு செய்யக் கூடியவை அநேகமாக இரண்டுதான்: எந்த நாளில் தெளிப்பது, எந்த ரகத்தைத் தெளிப்பது. அவற்றிலும் நாள் முழுமையாக அவன் கையில் இல்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடப்பட வேண்டும். 2023-இல் குறித்த நாளில் திறந்த அணையை, நீர் இருப்புக் குறைந்ததால் அக்டோபர் 10-ஆம் தேதியே மூட வேண்டியதாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். அணை திறப்பது தள்ளினால் நாற்று விடுவது தள்ளும், நடவு தள்ளும், அறுவடை தள்ளும், கடைசியில் உளுந்துத் தெளிப்பும் தள்ளும். தை முதல் வாரத்தில் தெளித்த உளுந்து மாசிப் பனி இருக்கும்போதே பூத்துவிடும். மாசி பிறந்தபின் தெளித்ததோ, மண் வெடித்துக் கிடக்கும் பங்குனியில், வெயிலின் நடுவே பூக்கும். பூவும் பிஞ்சும் உதிர்ந்து, காய்க்குள் மணி சிறுத்துப் போவது பெரும்பாலும் இந்தப் பின்தெளிப்பில்தான்.

வானிலை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது பயிரை ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு விதமாகத் தொடுகிறது. முளைத்த பத்தாம் நாள் பெய்யும் மழை வேரை அழுக வைக்கிறது. பூக்கும் வாரத்தில் பெய்தால் பூவைக் கொட்ட வைக்கிறது. நெத்து முற்றிய பிறகு பெய்தால் காய்க்குள்ளேயே மணி கறுத்து, சில நேரம் முளையும் விட்டுவிடுகிறது. அந்த உளுந்தை வியாபாரி கையில் எடுத்துப் பார்த்த உடனே விலையைக் குறைக்கிறார். செடிக்கு ஈரம் தரும் அதே பனிதான் குளிர்ந்த நாட்களில் இலையில் சாம்பல் நோயையும் கொண்டு வருகிறது. பனி விலகி வெயில் ஏறினால் வெள்ளை ஈ பெருகி மஞ்சள் தேமல் நோயைப் பரப்புகிறது. ஆகவே ஒரு ரகம் நல்லதா என்று கேட்பதற்கு முன், எந்த மாதிரி ஆண்டுக்கு நல்லது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

என் வயலில் பார்த்ததைச் சொல்கிறேன். நடுவரப்புக்கு மேற்கே மூன்று மாவில் ஆடுதுறை 3, கிழக்கே மூன்று மாவில் வம்பன் 8 என்று சில ஆண்டுகளாகத் தெளித்து வருகிறேன். முன்னது திருநெல்வேலி நாட்டு உளுந்திலிருந்து தெரிவு செய்யப்பட்டு 1981-இல் வெளிவந்தது. எங்கள் அப்பா காலத்திலிருந்து நெல் தரிசுக்கு என்றே பழகிய ரகம். பின்னது புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசியப் பயறு வகைகள் ஆராய்ச்சி மையத்திலிருந்து 2016-இல் வந்தது. மஞ்சள் தேமலைத் தாங்குவதும், காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றுவதும் அதன் சிறப்புகள்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில், இலங்கையைக் கடந்து வந்த தாழ்வு மண்டலத்தால் டெல்டாவில் பருவம் தவறிப் பெய்த மழை பலருக்கும் நினைவிருக்கும். அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. தெளித்து முளைத்திருந்த உளுந்து நீரில் நின்றது. சேதமடைந்த இளம் பயறுக்கு ஹெக்டேருக்கு 3,000 ரூபாய் இழப்பீட்டை அரசு அறிவித்ததும் அப்போதுதான். என் கிழக்கு வயலின் தென்மூலை கொஞ்சம் பள்ளம். அங்கே இரண்டு நாள் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் நாலைந்து செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன். மேலே இரண்டு இலை பச்சையாக விரிந்திருந்தது. கீழே ஆணிவேரின் நுனி பழுப்பேறி, விரலால் இழுத்தால் தோல் மட்டும் கழன்று வந்தது. வேர்முடிச்சு கட்டவே தொடங்கியிருக்கவில்லை. மேற்கு வயல் நான்கு விரற்கடை மேடு. அங்கே பயிர் பிழைத்துக்கொண்டது. அந்த ஆண்டு தெருவில் பலரும், "ஆடுதுறை மூணு தாங்கிடுச்சு, வம்பன் எட்டு தாங்கல" என்றே பேசிக்கொண்டார்கள். என் வயலைப் பொறுத்தவரை அது ரகத்தின் குற்றமே அன்று, நிலத்தின் மேடு பள்ளம். ஒரு வயலையும் ஓர் ஆண்டையும் வைத்து ரகத்துக்கு நல்ல பெயரோ கெட்ட பெயரோ வைத்துவிட்டால் எவ்வளவு தவறாகிவிடும் என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

வேறோர் ஆண்டில் தெளிப்பு சரியான நாளில் அமைந்தது. மழை பூக்கும் வாரத்தில் வந்தது. கிழக்கே வம்பன் 8 ஒரே வீச்சில் பூத்து நின்ற நேரம் அது. இரண்டு நாள் மழையில் பூ கொட்டி, செடிக்கு அடியில் மஞ்சள் தூவியது போல் கிடந்தது. அதன்பின் அந்த வயல் மறுபடி பூத்தது கொஞ்சம்தான். மேற்கே ஆடுதுறை 3 தவணை தவணையாகப் பூக்கும் செடி. முதல் தவணைப் பூ போனாலும், மழை தந்த ஈரத்தில் பக்கக் கிளைகளில் அடுத்த பூ வந்து காய்த்தது. அறுவடைதான் இழுத்துக்கொண்டு போயிற்று. முற்றிய நெத்தும் பச்சைக் காயும் ஒரே செடியில் நின்றதால் ஆள் விட்டு இரண்டு முறை பறிக்க வேண்டியிருந்தது. இன்னோர் ஆண்டில் மழையே இல்லை, தெளிப்பும் தாமதம். வெள்ளை ஈ வந்த வேகத்தில் மேற்கு வயல் தேமல் விழுந்து மஞ்சளாகிவிட்டது. கிழக்கு வயல் பச்சை மாறாமல் நின்று காய்த்தது. அந்த ஆண்டு வம்பன் 8 இல்லாவிட்டால் விதைக்குக்கூட உளுந்து மிஞ்சியிருக்காது.

இந்த மூன்று ஆண்டுகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் இரண்டு வயலுக்கும் ஏறக்குறைய ஒரே எண்தான் வருகிறது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்தால் எந்த வயலில் எந்த ஆண்டு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு ரகம் ஐந்து ஆண்டுகளில் ஏக்கருக்கு 400, 400, 400, 100, 100 கிலோ தருகிறது என்று வைத்துக்கொள்வோம்; மற்றொன்று 300, 290, 280, 270, 260 கிலோ தருகிறது என்போம். இரண்டின் சராசரியும் 280 கிலோதான். சொந்த நிலமும் கையிருப்பும் உள்ளவர் முதல் ரகத்தைத் தெளித்து நல்ல ஆண்டுக்குக் காத்திருக்கலாம். குத்தகைக்கு எடுத்து, நகையை வைத்துச் செலவு செய்தவருக்கு 100 கிலோ ஆண்டு இரண்டு அடுத்தடுத்து வந்தால் மூன்றாவதாக வரும் நல்ல ஆண்டைப் பார்க்க அவர் அந்த நிலத்தில் இருக்க மாட்டார். துண்டறிக்கையில் இரண்டு ரகங்களும் ஒரே தகுதியோடு நிற்கின்றன.

வேளாண் விஞ்ஞானிகளுக்கு இது புதிய விஷயம் அன்று. 1963-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஃபின்லே, வில்கின்சன் என்ற இருவர் 277 பார்லி ரகங்களைப் பல இடங்களிலும் ஆண்டுகளிலும் பயிரிட்டு, ஒவ்வொரு சூழலிலும் எல்லா ரகங்களும் சேர்ந்து தந்த சராசரியை அந்தச் சூழலின் தரத்துக்கு அளவுகோலாக வைத்தார்கள். சூழல் ஒரு படி மேம்படும்போது ஒரு ரகத்தின் விளைச்சல் எத்தனை படி உயர்கிறது என்று அதன்பின் கணக்கிட்டார்கள். ஒரு படிக்கு மேல் உயரும் ரகம் நல்ல ஆண்டில் கொட்டிக் கொடுக்கும், கெட்ட ஆண்டில் அதே வேகத்தில் சரியும். ஒரு படிக்குக் குறைவாக உயரும் ரகம் பெரிதாக எழும்பாது. பெரிதாக விழவும் விழாது. 1966-இல் எபர்ஹார்ட், ரஸ்ஸல் என்பவர்கள், இந்த ஏற்றத்தை வரைந்து காட்டும் கோட்டிலிருந்து ஒரு ரகம் எவ்வளவு விலகி விலகி நடக்கிறது என்பதையும் அளவிட வேண்டும் என்று சேர்த்தார்கள். இந்த முறைகளைக் கொண்டு உளுந்துக்கும் நம் ஆராய்ச்சி நிலையங்களில் நிலைத்தன்மைக் கணக்குப் போடுகிறார்கள். முதுநிலை மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு ஆய்வேட்டோடு நூலகத்துக்குப் போய்விடுகிறது. தெளிக்கும் கைக்கு வந்து சேருவது சராசரி மட்டுமே.

வேறொரு நாட்டில் இந்தக் கணக்கு விவசாயியின் கைக்கு எப்படி வருகிறது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் தங்கை மகன் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். ஒரு செப்டம்பர் மாதம் அவனோடு தங்கியிருந்தபோது, பெர்த் நகரிலிருந்து வடக்கே ஜெரால்ட்டன் போகும் வழியில், மணற்பாங்கான நிலத்தில் லூபின் என்ற பயறு கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது. விரல்களை விரித்த கை போன்ற இலை. உச்சியில் கதிராகப் பூ. வண்டியை நிறுத்தி ஒரு செடியைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நடுத்தண்டில் காய் விரல் நீளத்துக்கு முற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே எழுந்த பக்கக் கிளைகளில் அப்போதுதான் பூ. நம் ஆடுதுறை 3-ஐப் போலவே தவணைப் பயிர் என்று அந்த இடத்திலேயே புரிந்தது. அங்கே மே முதல் ஆகஸ்ட் வரை குளிர்கால மழை; செப்டம்பரில் மழை நின்று வெயில் ஏறும்போதுதான் செடி காய்க்க வேண்டும். ஈரம் வற்ற வற்றக் காய்க்கும் நம் தரிசு உளுந்தின் நிலைமைதான் அதற்கும். மழை முன்பே நின்றுவிட்ட ஆண்டில் நடுத்தண்டுக் காய் மட்டுமே தேறும். மழை நீடித்தால் கிளைக் காய்களும் சேர்ந்து விளைச்சல் கூடும். ஆகவே எவ்வளவு சீக்கிரம் பூக்கும் ரகம் என்பது அங்கே உயிர்நாடியான கேள்வி.

அந்தப் பயிரை அந்த மண்ணுக்குப் பழக்கியவர் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளாட்ஸ்டோன்ஸ். நெத்து வெடித்துச் சிதறுவதும், நேரம் கழித்துப் பூப்பதும் காட்டு லூபினின் குணங்கள். சிதறுவது குறையும் குணத்தைச் சேர்த்து அவர் உருவாக்கிய யூனிவைட் 1967-இல் வெளிவந்தது. ஆனால் அது தாமதமாகப் பூப்பது. 1973-இல் வந்த யூனிகிராப், சில வாரங்கள் முந்திப் பூக்கும் ரகம். மழைக்காலம் குறுகிய வடபகுதியிலும் லூபினை நம்பிப் பயிரிட வழி பிறந்தது அதனால்தான். இரண்டும் நல்ல ரகங்களே. எந்த வானத்தின் கீழ் என்பதில்தான் வேறுபாடு. 1996-இல் ஆந்த்ராக்னோஸ் நோய் அந்த மாநிலத்தில் தலைகாட்டியபோது, அதைத் தாங்கும் ரகம் எது, தாங்காதது எது என்ற கேள்வி பூக்கும் காலத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஐரோப்பாவிலும் இதே சிக்கல் உண்டு. ஜெர்மனி, போலந்து நாடுகளில் கிளைத்துக்கொண்டே போகும் லூபின், மழை மிகுந்த கோடையில் பச்சை பிடித்து நின்று அறுவடைக்கு வர மறுக்கும். கிளைக்காமல் நின்றுவிடும் ரகம் அப்படிப்பட்ட ஆண்டில் ஒன்றாகப் பழுக்கும், வறண்ட ஆண்டில் விளைச்சலில் பின்தங்கும். ஒரே சமயத்தில் முற்றும் உளுந்துக்கும் தவணையாகப் பூக்கும் உளுந்துக்கும் என் வயலில் நான் கண்ட வேறுபாட்டுக்கு இதைவிட நெருங்கிய ஒப்புமை சொல்ல முடியாது.

இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2005 முதல் ஆஸ்திரேலியாவில் தேசிய ரகச் சோதனை என்ற திட்டம் நடக்கிறது. விவசாயிகள் செலுத்தும் வரியிலும் அரசு நிதியிலும் இயங்கும் தானிய ஆராய்ச்சி நிறுவனம் அதை நடத்துகிறது. கோதுமை, பார்லி, லூபின் என்று ஒவ்வொரு பயிரிலும் ஒவ்வொரு ரகமும் எந்த ஊரில், எந்த ஆண்டில் எவ்வளவு விளைந்தது என்பதை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, சோதனைகளை விளைச்சல் அளவின்படி பிரித்தும் காட்டுகிறார்கள்: மொத்தத்தில் குறைவாக விளைந்த சோதனைகளில் இந்த ரகம் மற்றவற்றோடு எங்கே நின்றது, நன்றாக விளைந்தவற்றில் எங்கே நின்றது என்று தனித்தனியே தெரியும். என் தங்கை மகனின் நண்பரான ஒரு விவசாயி அந்தப் பக்கத்தைத் தன் கைப்பேசியில் திறந்து காட்டினார். அவர் முதலில் பார்த்தது குறைவாக விளைந்த சோதனைகளின் கட்டத்தை. தன்னுடைய நிலம் மணல் நிலம், மழை குறைந்த பகுதி, தனக்கு அந்தக் கட்டம்தான் வேண்டும் என்றார்.

நம்மிடம் சோதனை நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு ரகத்தை வெளியிடுவதற்கு முன் ஆராய்ச்சி நிலையத்தில் சோதிக்கிறது. பிறகு பல்லிடச் சோதனை, அதன்பின் விவசாயிகளின் வயல்களிலேயே தகவமைப்புச் சோதனை என்று ஆண்டுக்கணக்கில் உழைத்த பிறகே ரகம் வெளியீட்டுக் குழுவின் முன் போகிறது. அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஒவ்வொரு சோதனைக்கும் இடம் உண்டு, ஆண்டு உண்டு, விதைத்த தேதி உண்டு, விளைச்சல் உண்டு. வெளியீட்டு அறிவிப்பில் அவை அத்தனையும் சுருங்கி, 'ஒப்பீட்டு ரகத்தைவிட இத்தனை விழுக்காடு கூடுதல்' என்ற ஒரு வரியாகிவிடுகின்றன. மிகக் குறைவாக விளைந்த இடம் எது, அந்த ஆண்டு அங்கே என்ன நடந்தது என்ற செய்தி, விவசாயிக்கு மிகவும் தேவைப்படும் செய்தி, அந்தச் சுருக்கத்தில் உதிர்ந்துவிடுகிறது.

சான்று பெற்ற உளுந்து விதை மூட்டையில் நீல நிற அட்டை ஒன்று தைத்திருக்கும். ரகத்தின் பெயர், குவியல் எண், சோதனை செய்த நாள் எல்லாம் அதில் உண்டு. முளைப்புத் திறன் குறைந்தது 75 விழுக்காடு, புறத்தூய்மை 98 விழுக்காடு என்று தரம் வகுத்திருக்கிறார்கள். விதை முளைக்குமா என்ற கேள்விக்கு இவ்வளவு கறாராகப் பதில் சொல்லும் ஏற்பாடு, முளைத்த பயிர் மழை ஆண்டில் என்ன செய்யும், வறண்ட ஆண்டில் என்ன செய்யும் என்ற கேள்விக்கு ஒரு வரியும் சொல்வதில்லை. அட்டையில் இடம் போதாது என்பது உண்மைதான். மூட்டையோடு ஓர் அரைத்தாள் தரலாம். விரிவாக்க மையத்தின் சுவரில் ஒட்டலாம். மார்கழி முடிவதற்குள் அது வந்தாக வேண்டும். தெளித்த பிறகு வரும் அறிவுரையால் பயனில்லை.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. டெல்டாவுக்குப் பரிந்துரைக்கும் ஒவ்வொரு உளுந்து ரகத்துக்கும், ஆடுதுறை 3 முதல் பின்னாளில் வந்த வம்பன் 11 வரை, நெல் தரிசில் சோதித்த ஒவ்வொரு ஆண்டின் விளைச்சலையும் ஊர் பெயரோடு தனித்தனியே கொடுக்க வேண்டும். மிகக் குறைந்த விளைச்சலை மறைக்காமல் தடித்த எழுத்தில் போட வேண்டும். தெளித்த தேதியும், பயிர் நின்ற எழுபது நாட்களில் மழை எந்த வாரத்தில் பெய்தது என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மானாவாரியிலும் இறவையிலும் விளைந்த எண்களைத் தரிசு எண்களோடு கலக்கவே கூடாது. புரட்டாசியில் பாசனத்தோடு விளைந்த உளுந்தின் கணக்கைக் காட்டி, தையில் பனியை நம்பி நிற்பவனிடம் ரகத்தைக் கொடுப்பது அவனுக்குச் செய்யும் நீதியாகாது.

இவ்வளவு விவரம் தந்தால் விவசாயி குழம்பிவிடுவார் என்று ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வானத்தைப் பார்த்து, மண்ணை மிதித்து, ஆற்றில் தண்ணீர் வரும் நாளைக் கணக்கிட்டு, வயல் வயலாகத் தெளிப்பு நாளை மாற்றி வைக்கும் ஒருவருக்கு ஐந்து ஆண்டு எண்களைப் படிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? பயிர்க் காப்பீட்டில் உத்தரவாத மகசூலைக் கணக்கிடும்போது கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுக்கிறார்கள்; அந்த நுணுக்கத்தை எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்து விளக்கக் கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். காப்பீட்டுக்காக ஆண்டுதோறும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கிறது. அந்தப் பதிவோடு வயலில் நின்ற ரகத்தின் பெயரையும் தெளித்த தேதியையும் சேர்த்து வெளியிட்டால், புதிதாகச் செலவில்லாமல், ஆராய்ச்சி நிலையத்துக்கு வெளியே விவசாயிகளின் வயல்களில் ரகங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்ற கணக்கு சில ஆண்டுகளில் சேர்ந்துவிடும்.

ரகத்தின் மேல் எல்லாப் பொறுப்பையும் போடவும் நான் விரும்பவில்லை. வடிகால் தூர்ந்த வயலில் எந்த உளுந்தும் பிழைக்காது. அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டி ஈரத்தில் இறங்கித் திரும்பும் இடங்களில் முளைப்பே மிஞ்சுவதில்லை. அது உதறிவிட்டுப் போகும் வைக்கோலை உடனே அகற்றாவிட்டால் அதன் அடியில் செடி வெளுத்துப் போகிறது. பூக்கும்போதும் அதற்குப் பதினைந்து நாள் கழித்தும் 2 விழுக்காடு டிஏபி கரைசலையோ, பூக்கும் நேரத்தில் ஏக்கருக்கு 2 கிலோ வீதம் பயறு ஒண்டர் என்ற சத்துக் கலவையையோ தெளித்தவர்களின் வயலில் பூ உதிர்வது குறைகிறது என்பதும் கண்கூடு. இவை ஒவ்வொன்றும் தனிக் கடிதத்துக்குரியவை.

இன்றைய நிலையில் எங்களைப் போன்ற சிறு விவசாயிகளுக்கு நான் சொல்லக் கூடியது, ஒரே ரகத்தை முழு நிலத்திலும் தெளிக்காமல், ஒன்றாக முற்றும் ரகத்தையும் தவணையாகப் பூக்கும் ரகத்தையும் தனித்தனி வயலில் தெளித்து வையுங்கள் என்பதே. விதையைக் கலந்து தெளிக்கக் கூடாது. அறுவடையும் கெடும், அடுத்த ஆண்டு விதையும் கெடும். இரண்டு ரகம் தெளித்தால் மிக நல்ல ஆண்டில் கொஞ்சம் குறையும் என்பது தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். எந்த இரண்டு ரகங்களைச் சேர்த்தால் ஒன்று விழும் ஆண்டில் மற்றது நிற்கும் என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது. ஆண்டுவாரியான சோதனை எண்கள் வெளியில் வந்தால்தான் சொல்ல முடியும். பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் அவற்றை வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். வெளியிட்டால், அடுத்த தையில் தெளிப்புச் செய்தியோடு அந்த அட்டவணையையும் தாங்கள் அச்சிட வேண்டும்.

என் இரண்டு வயல்களிலும் ஆண்டுதோறும் தெளித்த தேதி, மழை பெய்த நாட்கள், பூத்த நாள், களத்தில் அளந்த கண்டுமுதல் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு மா நிலத்துக் கணக்கு அது; அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை என்பதை அறிவேன். வேண்டுபவர்களுக்கு அதைப் படியெடுத்துத் தரக் காத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்